மிதிக்காத மண்

என் அப்பாவுக்கும் அடுத்த வீட்டு மாமாவுக்கும் நடுவே ஒரு கையாலை இருந்தது. கையாலை என்றால் மண்ணைக் குழைத்து இடுப்பு உயரத்துக்கு எழுப்பிய எல்லைச் சுவர். பாறசாலையைச் சுற்றியுள்ள எங்கள் ஊர்களில் ஒரு வீட்டுப் புரையிடத்தையும் இன்னொன்றையும் பிரிப்பது இதுதான். மழையில் கரையும். மழை விட்டதும் இந்தப் பக்கத்துக்காரர் இந்தப் பக்கமும் அந்தப் பக்கத்துக்காரர் அந்தப் பக்கமும் நின்று புதுமண் அப்புவார்கள். அப்பும்போது அவரவர் கை அவரவர் மண்வெட்டியில் இருக்கும், கண் மட்டும் அடுத்தவன் மண்வெட்டியில் இருக்கும்.

இரண்டு பேரும் நிலக்கிழாரான ஒரே ஜன்மியின் நிலத்தில் பக்கத்தில் பக்கத்தில் குடிசை போட்டு, அவர் வயலில் வேலை செய்து, ஒரே கலயத்தில் கஞ்சி குடித்தவர்கள். நிலச் சீர்திருத்தச் சட்டம் வந்தது. இப்படி அடுத்தவர் நிலத்தில் குடியிருந்த குடிகிடப்புக்காரர்களுக்கு ஆளுக்குப் பத்து சென்ட் என்று ஆயிற்று. நிலப் பட்டயம் வாங்க இரண்டு பேரும் சேர்ந்துதான் நெய்யாற்றின்கரைக்குப் போனார்கள். வாங்கியதும் ஒருவர் தோளில் ஒருவர் கை போட்டு, சின்னப் பிள்ளைகள் மாதிரி அழுதுகொண்டே பஸ் ஏறினார்களாம். அமரவிளை தாண்டுவதற்குள் சண்டை வந்துவிட்டது. எல்லை பலாமரத்துக்கு அந்தப் பக்கமா இந்தப் பக்கமா என்பதுதான் விஷயம். பாறசாலையில் இறங்கும்போது பேச்சுவார்த்தை இல்லை. அந்த வாரமே கையாலை எழும்பிவிட்டது.

அதற்குப் பிறகு எங்கள் வீட்டில் விடிவது என்றால் இப்படித்தான் விடியும். அப்பா உமிக்கரியால் பல் தேய்த்துக்கொண்டே கையாலையின் இந்த ஓரமாக ஒரு கோடியிலிருந்து மறு கோடிக்கு நடப்பார். மாமா அதே நேரத்தில் அந்த ஓரமாக நடப்பார். நடுவில் நின்று, குனிந்து, ஒரு கண்ணை மூடி, சுவர் நூல் பிடித்த மாதிரி இருக்கிறதா என்று பார்ப்பார்கள். திருப்தி இல்லையென்றால் ஒரு செருமல். அந்தப் பக்கத்திலிருந்து பதில் செருமல். சாயங்காலமும் இதே கச்சேரி உண்டு. மழை பெய்தால் சொல்லவே வேண்டாம், வாழையிலையைத் தலையில் பிடித்துக்கொண்டு நாள் முழுக்க நடை. ஊரில் மற்றவர்கள் கோயிலையும் குருசடியையும் சுற்றினார்கள், இவர்கள் இரண்டு பேரும் மண்ணைச் சுற்றினார்கள்.

இந்த மாமாவின் மகளைத்தான் நான் விரும்பினேன். இதில் சுற்றி வளைக்க ஒன்றுமில்லை. பள்ளிக்கூடத்தில் எனக்கு இரண்டு வகுப்பு கீழே படித்தவள். பிறகு நெய்யாற்றின்கரைக்கு டைப்ரைட்டிங் படிக்கப் போய்வந்தாள். அவள் பஸ்ஸிலிருந்து இறங்கி வரும் நேரத்துக்கு நான் கையாலையோரம் மரவள்ளிக்கு, எங்கள் பேச்சில் மரச்சீனிக்கு, மண் அணைத்துக்கொண்டிருப்பேன். அந்தக் காலத்தில் எங்கள் மரச்சீனி மாதிரி மண் அணைக்கப்பட்ட மரச்சீனி திருவிதாங்கூரிலேயே இருந்திருக்காது.

"எலே, அந்த மூடு ஏற்கெனவே மூச்சு முட்டி நிக்குது. விட்டிரு" என்பாள் போகிற போக்கில். அன்றைக்கு முழுக்க எனக்குத் தலைகால் புரியாது.

ஊர் ஆண்பிள்ளைகள் எல்லோரும் துபாய்க்கும் அபுதாபிக்கும் பறந்துகொண்டிருந்த காலம். நானும் பறந்தேன். மண்ணில் துளை போட்டு எடுத்து, கட்டடம் தாங்குமா என்று சோதிக்கும் ஒரு கம்பெனியில் உதவியாள் வேலை. கேட்டதும் அப்பாவுக்கு ஒரே சந்தோஷம். "மண்ணுள்ள ஜோலியாக்கும்" என்று ஊர் டீக்கடையான சாயக்கடையில் சொன்னாராம். மூன்று வருடம் வெயிலில் வெந்தபின், எங்கள் சாயிப்பு, அதாவது மேலதிகாரியான வெள்ளைக்காரர், கனடாவின் வட மூலைக்கு வேலை மாறிப் போனார். கைக்குப் பழகிய ஆள் வேண்டும் என்று என்னையும் கூட்டிக்கொண்டு போனார். வறுசட்டியிலிருந்து எடுத்து ஐஸ்பெட்டியில் போட்ட மீன் மாதிரி ஆனேன்.

அங்கே மண்ணே உறைந்து கிடக்கிறது. மேலே ஒரு முழமோ இரண்டு முழமோ கோடையில் இளகும், குளிரில் மறுபடி இறுகும். அதற்குக் கீழே இருப்பது எத்தனையோ தலைமுறையாக இளகாத மண், கல்லுக்குச் சமம். அந்த மண் வருடா வருடம் எவ்வளவு இளகுகிறது என்று பார்ப்பதுதான் எங்கள் வேலை. வேலை கேட்க எளிது. கோடை முடியும் சமயத்தில், குறி வைத்த இடங்களில், கோடு பொறித்த ஓர் எஃகுக் கம்பியை மண்ணுக்குள் அமுக்க வேண்டும். இளகின மண்ணில் வெண்ணெயில் போகிற மாதிரி போகும். உறைமண்ணைத் தொட்டதும் 'டக்' என்று நிற்கும். எந்தக் கோட்டில் நின்றது என்று பார்க்க வேண்டும். அடுத்த வருடம் அதே இடம், அதே கம்பி, அதே 'டக்'. இப்படியே வருடக்கணக்காக. பொறுத்தார் பூமி ஆள்வார் என்பார்கள். நாங்கள் பொறுத்தோம், பூமியை அளந்தோம், அவ்வளவுதான்.

ஒரே ஒரு கட்டளை இருந்தது. மண்ணை மிதிக்கக்கூடாது. குறிக்குக் குறி பலகை போட்டிருக்கும், அதன் மேல்தான் நடக்க வேண்டும். பாசியும் புல்லும் அந்த மண்ணுக்குப் போர்வை. மிதித்து மிதித்துப் போர்வை நைந்துவிட்டால் வெயில் உள்ளே இறங்கும், மண் இளகும், பள்ளம் விழும், பள்ளத்தில் தண்ணீர் நிற்கும், அந்தத் தண்ணீர் இன்னும் இளக்கும். சாயிப்பு புது ஆட்களை வரிசையாக நிறுத்தி வைத்துக் கேட்பார், நீங்கள் அளக்க வந்தது மண்ணையா, உங்கள் பூட்ஸையா என்று. நான் சிரித்துக்கொண்டு கேட்டேன். அந்தச் சொல் என் கல்யாணத்துக்குத் தேவைப்படும் என்று அப்போது எனக்குத் தெரியாது.

முதல் விடுப்பில் ஊருக்கு வந்தேன். வெளிநாட்டிலிருந்து வந்தவன் பெட்டி திறப்பது எங்கள் பக்கத்தில் ஒரு திருவிழா. வாசனை செண்டு, டார்ச் லைட், சேலைத்துணி, டேப் ரெக்கார்டர் என்று எதிர்பார்த்து வீடு நிறைய ஆள். என் பெட்டியிலிருந்து கம்பளித் தொப்பி, கையுறை, சாக்லேட். கடைசியாக, இரண்டாகக் கழற்றி மாட்டக்கூடிய ஒரு பழைய எஃகுக் கம்பி. வேலையிடத்தில் வளைந்துபோய்க் கழித்துப் போட்டதை ஆசையாகக் கேட்டு வாங்கி வந்திருந்தேன்.

"கம்பி இங்க பாறசாலையில கிட்டாதா மக்கா?" என்று ஒரு பெரியவர் உண்மையான கவலையோடு கேட்டார்.

சாயக்கடையில் நான் உறைமண்ணைப் பற்றிச் சொன்னேன். ஆளாளுக்குச் சாயா கிளாஸைக் கீழே வைத்துவிட்டுக் கேட்டார்கள். மாமா மட்டும் தொடையில் தட்டிச் சிரித்தார்.

"கேட்டியளா, மண்ணு உருகுமாம்! எல்லாம் போவும், மண்ணு போவாது. எனக்க பத்து சென்டும் உருகி ஓடினா நான் எங்க போய் கிடக்க?"

எல்லோரும் சிரித்தார்கள், நானும் சிரித்தேன். ஆனால் அவர் கண் சிரிக்கவில்லை. பாதி வயது வரைக்கும் சொந்தமாக ஒரு பிடி மண் இல்லாமல், ஜன்மி எழும்பச் சொன்னால் எழும்ப வேண்டியவராக இருந்த மனிதர். அவரிடம் போய் மண்ணும் நிலையில்லை என்று சொல்லிக்கொண்டிருந்தேன். எனக்குப் பாவமாக இருந்தது. பாவம் பார்த்துச் சும்மா இருந்தேனா என்றால் இல்லை, மறுநாளே வேட்டி உடுத்துச் சாலை வழியாகச் சுற்றி, மரியாதையாக முன்வாசல் வழியாகப் போய் அவர் மகளைக் கேட்டேன்.

"உனக்க அப்பன் வருஷத்துக்கு ஒரு விரக்கடை வச்சு எனக்க மண்ணைத் தின்னுதான்" என்றார் மாமா. "மண்ணு போதாதெண்ணு இப்போ நீ பிள்ளையையும் கேக்குத. ஆரியங்கோட்டில இருந்து ஒரு கல்யாண ஆலோசனை வந்திருக்கு. ரப்பர் உண்டு, பையன் துபாயில உண்டு. உன்னப்போல ஐஸு காச்ச போகல்ல."

வாய்க்கு வந்ததை உளறினேன். "அளந்து பாப்போம் மாமா. ஒரு வருஷம், ஒரே எடத்தில அளப்போம். அப்பா தள்ளுதாரா இல்லையாண்ணு தெரியுமே."

மாமா யோசித்தார். அளப்பது என்றால் அவருக்கும் ஆசைதான். "செரி. கையாலை எனக்க பக்கம் ஒரு விரக்கடை வந்தாலும் பிள்ளை ஆரியங்கோட்டுக்கு. சம்மதமா?"

சம்மதம் என்று சொல்லிவிட்டுத் துள்ளிக்கொண்டு வீட்டுக்கு வந்தேன். வந்து அப்பா முகத்தைப் பார்த்த பிறகுதான் ஒன்று உறைத்தது. அப்பா தள்ளக்கூடிய ஆள்தான்.

கையாலைக்கு இரண்டு பக்கமும் ஒரே தூரத்தில் இரும்புக் குழாய்களை ஆழமாக அடித்து இறக்கினோம். குழாயிலிருந்து சுவரின் அடிவரைக்கும் உள்ள தூரத்தை அளக்க வேண்டும். யார் அளப்பது? இரண்டு தரப்பும் ஒப்புக்கொண்ட ஒரே ஆள் அவள்தான். தன் மகள் என்பதால் மாமா நம்பினார். அப்பா நம்பியதற்குக் காரணம் வேறு. "அவ கள்ளம் பறையமாட்டா. அவளுக்க அப்பனப் பற்றி எங்கிட்ட பறஞ்சதெல்லாம் சத்தியமாக்கும்" என்றார். அவள் தையல் டேப்பால் அளந்து, சுவருக்கு மேலே எட்டி என்னைப் பார்த்து, "ஐஸுக்காரா, வருஷம் கழிஞ்சு பாப்போம்" என்று சொல்லிவிட்டு உள்ளே போனாள்.

அந்த வருடம் எனக்குக் கனடாவில் உறைமண்ணைக் குத்தினாலும் 'டக்' என்று கேட்பதெல்லாம் பாறசாலையில் கேட்கிற மாதிரியே இருந்தது. இங்கே ஒரு விரல் இறங்கினால், ஊரில் கையாலை எவ்வளவு நகர்ந்திருக்கும்? உலகத்தின் இரண்டு மூலையில் இரண்டு மண். இரண்டும் என்னை நிம்மதியாகத் தூங்கவிடவில்லை.

அடுத்த விடுப்புக்கு இடவப்பாதி மழை தொடங்குவதற்கு முன்பே வந்து சேர்ந்தேன். அக்கம்பக்கம் முழுக்கக் கூடிவிட்டது. அவள் தங்கள் பக்கம் அளந்தாள். சுவர் உள்ளே வந்திருந்தது, ஒரு விரக்கடையல்ல, மூன்று.

"பாத்தியளா!" என்று மாமா குதித்தார்.

அவள் அதே முகத்தோடு சுற்றி வந்து எங்கள் பக்கம் அளந்தாள். எங்கள் பக்கமும் மூன்று விரக்கடை உள்ளே வந்திருந்தது.

"பாத்தியளா!" என்று அப்பா குதித்தார்.

சுவர் இரண்டு பக்கமும் நகர்ந்திருந்தது! உச்சி தாழ்ந்து, அடி பெருத்து, சப்பணம் போட்டு உட்கார்ந்த மாதிரி ஆகியிருந்தது. இரண்டு பேருக்கும் மண் போனது, ஒருவருக்கும் மண் வரவில்லை. இரண்டு பேரும் ஜெயித்துவிட்டார்கள், தோற்றது நான் மட்டும்தான். பந்தயம் பந்தயம்தான், சிங்கமாசம், அதாவது ஆவணியில், ஆரியங்கோட்டுக்காரன் வருகிறான் என்று மாமா அங்கேயே அறிவித்தார்.

நான் பலாமரத்து வேரில் இடிந்து உட்கார்ந்தேன். தலை குனிந்தவன் கண்ணில் பட்டது தரை. முற்றமெங்கும் புல் இருந்தது. கையாலையின் அடியில் மட்டும் ஒரு பொட்டுப் புல் இல்லை. ஓரடி அகலத்துக்கு மண் வழுவழுவென்று தேய்ந்து, ஓடை மாதிரி குழிந்திருந்தது. எட்டிப் பார்த்தேன், அந்தப் பக்கமும் அப்படியே. காலை நடை, மாலை நடை, மழை நடை. இத்தனை வருடம் காவல் காத்த கால்கள் போட்ட வழி அது. மழைத் தண்ணீர் அந்த வழியாகவே ஓடி, சுவரின் அடியைத் தின்ன, மேல்மண் சரிந்து இரண்டு பக்கமும் பரவியிருந்தது. கள்ளன் வரக்கூடாது என்று வாசலிலேயே நின்று வாசற்படியைத் தேய்த்தவர்கள்! எனக்குச் சிரிப்பு பொங்கிவிட்டது. அழ வேண்டிய நேரத்தில் சிரிக்கிறவனைக் கண்டு கூட்டமே பயந்தது.

விளக்கினேன். பலகை, பாசி, சாயிப்பு, பூட்ஸ் எல்லாம் சொன்னேன். இரண்டு பேரும் வாழ்க்கையில் முதல்முறையாக ஒரே கருத்துக்கு வந்தார்கள்.

"பிராந்து பிடிச்சதாக்கும்" என்றார் மாமா.

"குளிர் தலையில ஏறினதாக்கும்" என்றார் அப்பா.

அப்போது அவள் டேப்பைச் சுருட்டிக்கொண்டே, கூட்டத்துக்கு நடுவில் நின்று சொன்னாள். "இந்த மழை தீருத வரைக்கும் ரெண்டுபேரும் கையாலைப் பக்கம் போகண்டாம். சுவரு நின்னா நான் இவனைக் கெட்டுவேன். விழுந்தா ஆரியங்கோட்டுக்குப் போறேன். செரிதானே?"

ஒரு பெண் இப்படிப் பேசி அந்த ஊர் அதற்கு முன் கேட்டதில்லை. காவல் இல்லாத கையாலை ஒரு மழைக்குத் தாங்காது என்பதில் மாமாவுக்குச் சந்தேகமே இல்லை. சரி என்றுவிட்டார். பல வருடம் கழித்து, விழுந்திருந்தால் நிஜமாகவே போயிருப்பாயா என்று அவளைக் கேட்டேன். "அவனுக்க டேப் ரெக்கார்டர் நல்லதாக்கும் எண்ணு கேள்விப்பட்டேன்" என்றாள். இன்று வரைக்கும் அதற்கு மேல் பதில் வரவில்லை.

இப்போது ஒரு சிக்கல் வந்தது. நான் போகமாட்டேன், ஆனால் அவன் போகமாட்டான் என்று எப்படி நம்புவது? இரண்டு பேருக்கும் இதே கேள்வி. பதிலும் ஒன்றே, அவனைக் கண்பார்வையிலேயே வைத்திருப்பது. ஆகவே விடிந்ததும் அப்பா சாயக்கடைக்குப் போய், மாமாவைப் பார்க்கும்படி ஒரு பெஞ்சில் உட்கார்ந்தார். மாமா எதிர் பெஞ்சில், அப்பாவைப் பார்க்கும்படி உட்கார்ந்தார். ஒருவர் ஒன்றுக்குப் போக எழுந்தால் மற்றவரும் எழுந்தார். மழை கொட்டியபோது இரண்டு பேரும் ஒரே குடையில் வந்தார்கள். இன்னொரு குடை எடுக்க வேண்டுமென்றால் வீட்டுக்குப் போக வேண்டும், வீட்டுக்குப் போனால் கையாலை இருக்கிறதே. இரவு காவலை இரண்டு வீட்டுப் பெண்களும் எடுத்துக்கொண்டார்கள்.

முதல் சில நாள் முறைப்பு. பிறகு பத்திரிகையை யார் முதலில் படிப்பது என்று வாய்த்தகராறு. எப்படியும் பேச்சு தொடங்கிவிட்டது. ஒருநாள் நான் கடை வாசலில் நிற்கிறேன், உள்ளே ஜன்மி வீட்டு மூரிக்காளை அப்பாவை வயல் முழுக்கத் துரத்திய கதை நடக்கிறது. மாமா காளையாக நடித்துக் காட்டுகிறார். அப்பா கண்ணில் தண்ணீர் வரச் சிரிக்கிறார். ஒரு ரசவடையைப் பிட்டு, பெரிய பாதியை மாமாவின் இலைத்துண்டில் வைக்கிறார். நான் ஓசையில்லாமல் திரும்பிவிட்டேன். எனக்கு அன்றைக்குக் கால் தரையில் பாவவில்லை, சாலையில் தெரிந்தவன் தெரியாதவன் எல்லோருக்கும் வணக்கம் சொல்லிக்கொண்டே வீடு வந்தேன்.

மழை ஆட்டம் ஆடித் தீர்ந்தது. சிங்கமாசம் பிறக்கும் முன், ஒரு காலையில் எல்லோரும் கையாலைக்குப் போனோம். அந்தக் குழிந்த வழி இரண்டும் காணாமல் போயிருந்தன. புல் மூடியிருந்தது. தொட்டால் வாடும் தொட்டாவாடி சுவரின் அடி முழுக்கப் படர்ந்து, ரோஸ் நிறத்தில் பூத்திருந்தது. அவள் அளந்தாள். இரண்டு பக்கமும் ஒரு நூல் நகரவில்லை.

ஆனால் பலாமரத்தடியில் ஒரு பாகம் இடிந்து கிடந்தது! பக்கத்தில் போய்ப் பார்த்தால் இடிபாட்டுக்கு நடுவில் மரத்திலிருந்து விழுந்த ஒரு பெரிய பலாச்சக்கை, பழுத்து வெடித்து மணக்கிறது.

விழுந்தது விழுந்ததுதான் என்று மாமா சொல்லிவிட்டால் என் கதை முடிந்தது. அவர் சக்கையைப் பார்த்தார், மகளைப் பார்த்தார், நெடுநேரம் தாடையைச் சொறிந்தார்.

"சக்கை விழுந்ததுக்கு மண்ணைக் குற்றம் பறையப்பிடாது" என்றார்.

பிறகு அப்பாவிடம் திரும்பி, "ஓய், அது உமக்க மரமாக்கும்" என்றார்.

"போவும் ஓய், அது உமக்க மரம்" என்றார் அப்பா.

பத்து வருடத்துக்கு மேலாக எனக்கு எனக்கு என்று சண்டை போட்ட பலாமரத்தை இப்போது ஒருவர் தலையில் ஒருவர் கட்டிக்கொண்டிருந்தார்கள். நாங்கள் சக்கையைத் தின்றோம். சிங்கமாசத்தில் எங்களுக்குக் கல்யாணம் நடந்தது. அந்தச் சந்தோஷத்தைச் சொல்ல எனக்கு வார்த்தை போதாது, மாலை காய்வதற்குள் விமானம் ஏற வேண்டியிருந்தது என்பதை மட்டும் சொல்கிறேன். அங்கே கோடை முடிகிற நேரம், கம்பி காத்திருந்தது.

அவளும் கூடவே வந்தாள், சேலைக்கு மேலே கம்பளிக் கோட்டும் பூட்ஸும் போட்டுக்கொண்டு பலகையில் நடந்தாள். முதல் கம்பியை நானே குத்துவேன் என்று அடம்பிடித்து வாங்கி அமுக்கினாள். 'டக்' என்றதும், "அடியில ஆரோ கதவைப் பூட்டியிருக்கினும்" என்று கத்தினாள். சாயிப்பே சிரித்துவிட்டார்.

அப்படி எத்தனையோ கோடை கழிந்தது. ஒரு வருடம் கம்பி கொஞ்சம் மேலேயே நிற்கும், மகிழ்ந்துபோவோம். அடுத்த இரண்டு வருடம் கீழே போகும். மொத்தமாகப் பார்த்தால் இறங்கிக்கொண்டேதான் இருந்தது. பலகையை விட்டு ஒருநாளும் நாங்கள் இறங்கவில்லை, பாசி அப்படியே பச்சையாக இருந்தது. இருந்தும் கதவு உள்ளே உள்ளே போனது.

பாறசாலையில் டெலிபோன் பூத் வந்த பிறகு, கோடை முடிவில் இரண்டு கிழவர்களும் ஒரே குடையில் அங்கே வந்துவிடுவார்கள். பேரப்பிள்ளைகளைக் கேட்பதற்கு முன்னால் மாமா கேட்பது ஒன்றுதான். "மக்கா, இந்த வருஷம் எவ்வளவு?"

ஒரு வருடம் கம்பி அதுவரை போகாத ஆழத்துக்குப் போயிருந்தது. சொன்னேன்.

"பலகையில தானே நடக்குதிய?"

"ஆமா மாமா."

"பின்னே மிதிக்குதது ஆராக்கும்?"

சொல்லத் தொடங்கினேன். மில், கார், விமானம், துபாயில் தோண்டி எடுக்கிற எண்ணெய், எல்லா ஊர்ப் புகையும் சேர்ந்து வெயிலைப் பிடித்து வைக்கிறது என்றேன். இங்கே வந்தே பார்க்காதவர்கள்தான் மிதிக்கிறார்கள் மாமா, நாம் எல்லோரும்தான் என்றேன்.

மறுமுனையில் ரிசீவரைப் பொத்திக்கொண்டு இரண்டு பேரும் ஏதோ கூடிப் பேசுவது கேட்டது. அப்பா வாங்கிப் பேசினார்.

"மக்கா, அவியளையெல்லாம் பிடிச்சு ஒரு சாயக்கடையில இருத்த முடியுமா?"

நான் சிரித்தேன். பக்கத்தில் காதை வைத்துக் கேட்டுக்கொண்டிருந்த அவளும் சிரித்தாள். அப்பா சிரிக்கவில்லை. நிஜமாகத்தான் கேட்டிருக்கிறார், பதிலுக்குக் காத்திருந்தார். நான் வாய் திறப்பதற்குள் மாமா பின்னாலிருந்து மீட்டர் ஓடுது மீட்டர் ஓடுது என்று கத்தினார், போனை வைத்துவிட்டார்கள்.